நல்லதங்காள் கிணறும் நமது நீதியும்

புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்று. திருவிழாக் காலம். ஊர்ப் பொதுத் திடலிலே கொட்டகை, கொட்டகையிலே நாடகம். வள்ளி திருமணத்தையும் அரிச்சந்திரன் மயான காண்டத்தையும் ஆண்டுதோறும் கண்டு பழகிய மக்கள், அன்றிரவு நல்லதங்காளைக் காணக் கூடியிருந்தனர். நள்ளிரவு தாண்டிற்று. கிணற்றங்கரைக் காட்சி வந்தது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாரி எடுத்து, முத்தமிட்டு, கிணற்றுக்குள் எறிந்தாள் தாய். ஆர்மோனியம் விம்மிற்று, அரங்கத்தாள் அழுதாள், எதிரே அமர்ந்திருந்த ஆடவரும் பெண்டிரும் அழுதனர். முந்தானையால் கண் துடைத்த மூதாட்டி ஒருத்தி, "மகராசி, என்ன பாடுபட்டாளோ!" என்று நெஞ்சுருகிச் சொன்னதை என் செவியாலேயே கேட்டேன்.

பொழுது விடிந்தது. அதே ஊரின் தேநீர்க் கடை. அன்றைய நாளேட்டிலே ஒரு செய்தி. எங்கோ ஒரு தாய், பெற்ற பிள்ளைகளோடு கிணற்றிலே பாய்ந்தாள்; பிள்ளைகள் மாண்டனர்; அவள் மட்டும் மீட்கப்பட்டாள். "கல்நெஞ்சத் தாய்" என்று கொட்டை எழுத்திலே தலைப்பு. இரவெல்லாம் அழுது சிவந்த அதே கண்கள் அச்செய்தியைப் படித்தன. "இவளையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்தித் தூக்கிலிட வேண்டும்" என்றார் ஒருவர். மறுத்துப் பேசியவர் ஒருவருமிலர்.

இரவிலே தெய்வம், காலையிலே பேய்! அரங்கிலே நின்றால் அவளுக்குக் கண்ணீர். குற்றவாளிக் கூண்டிலே நின்றால் அவளுக்குக் காறித் துப்பல்! ஒரே செயல், ஒரே கிணறு, ஒரே ஊர் மக்கள். இடையிலே கழிந்தவை சில மணி நேரங்களே. இந்த மாற்றம் ஏன் நிகழ்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடவே நல்லதங்காள் கதையை மீண்டும் ஒருமுறை எடுத்து, தராசிலே இட்டு, நிறுத்துப் பார்க்கத் துணிந்தேன். கதையை இகழ்வது என் நோக்கமன்று. கதையைக் கேட்டு அழுதுவிட்டு வீடு திரும்பும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சில வினாக்கள் உண்டு என்பதே என் கருத்து.

கதையைத் தமிழகத்தில் அறியாதார் இலர். புகழேந்திப் புலவர் பெயரால் அச்சேறி, மலிவு விலை நூலாக ஊர்தோறும் பரவிய அம்மானைப் பாடல் அது. அண்ணன் நல்லதம்பி, தங்கை நல்லதங்காள். மானாமதுரைக்கு வாழ்க்கைப்பட்டாள் தங்கை. ஏழு பிள்ளைகள் பெற்றாள். வானம் பொய்த்தது, பஞ்சம் வந்தது. பசி தாளாத பிள்ளைகளுடன் பிறந்த வீடு நோக்கி நடந்தாள். அண்ணன் வீட்டில் இல்லாத வேளை. அண்ணி மூளியலங்காரி கதவைச் சாத்தினாள், பண்டங்களை ஒளித்தாள், புழுத்த கேழ்வரகும் உதவாத சட்டியும் எரியாத விறகும் தந்து இழிவு செய்தாள். மானம் ஒருபுறம், பசி மறுபுறம். இரண்டுக்கும் இடையே சிக்கிய தாய், ஏழு பிள்ளைகளையும் கிணற்றிலே தள்ளித் தானும் வீழ்ந்தாள். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்திலே அவளுக்கு இன்றும் கோயில் உண்டு, வழிபாடு உண்டு.

பாடலின் ஆற்றலை மறுப்பார் இல்லை. பசியைப் பாடிய பாடல்கள் தமிழிலே பல. ஆனால் பசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் மனத்தை இத்துணை நெருங்கிச் சென்று பார்த்த நாட்டுப் பாடல் வேறில்லை என்பேன். ஒப்பாரியின் ஓசையிலே நடப்பதால், கேட்போர் தத்தம் வீட்டுத் துயரை அதிலே கேட்கின்றனர். ஏட்டுப் புலவர் பலர் கண் திறந்து பாராத குடிசைக்குள்ளே, பெயரறியாப் பாணன் விளக்கோடு நுழைந்தான். அந்தப் பெருமையை அவனுக்குக் கொடுத்துவிட்டே குறைகளைக் கூற முற்படுகிறேன்.

முதற்குறை: கதை பழியைச் சுமத்தும் இடம். துயருக்கெல்லாம் காரணம் அண்ணி ஒருத்தியே என்கிறது பாடல். நாட்டிலே பஞ்சம் வந்தபோது களஞ்சியம் எங்கே போயிற்று? நல்லதங்காளின் கணவன் சாதாரண குடியானவன் அல்லன். காசிராசன் என்று பெயர் படைத்த மன்னன் என்கிறது கதை. மன்னன் மனைவிக்கே கஞ்சியில்லை என்றால் குடிமக்கள் கதி என்ன? அதைப் பாடல் கேட்கவில்லை. பிள்ளைகளின் தகப்பன் என்ன செய்தான்? அதையும் வற்புறுத்திக் கேட்கவில்லை. இறுதியிலே அண்ணன் வருகிறான். மனைவியைக் கொடுமையாகத் தண்டிக்கிறான். நீதி கிடைத்துவிட்டதாகக் கேட்போர் பெருமூச்சு விடுகின்றனர். ஒரு பெண் செத்தாள். அதற்கு ஈடாக இன்னொரு பெண்ணும் சாகடிக்கப்பட்டாள். பஞ்சம் அப்படியே இருந்தது. பழி தீர்ந்தது, பிணி தீரவில்லை!

இரண்டாவது குறை: கற்பின் அற்புதங்கள். நல்லதங்காள் தன் கற்பை முன்னிறுத்திப் பாடியதும் சாத்திய கதவு திறந்ததாம்; எரியாதது எரிந்ததாம். கதவைத் திறந்த கற்பு, கலயத்தை நிரப்பவில்லையே! துன்பத்தில் உழலும் பெண்ணுக்குச் சமூகம் கொடுக்கவேண்டியது சோறும் துணையும். நாம் கொடுத்ததோ பட்டம். உயிரோடிருந்தபோது ஒருபிடி அரிசி கொடாதவர்கள், மாண்டபின் பொங்கலிட்டுப் படைக்கிறார்கள். இது பக்தியா, குற்றவுணர்வா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது குறையே முதன்மையானது. அதைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளுக்கு இழைக்கும் இரண்டாவது கொலை. மூத்த மகன் சாக விரும்பவில்லை. கெஞ்சுகிறான், தப்பி ஓடப் பார்க்கிறான், பிடித்து இழுத்து வந்து தள்ளப்படுகிறான் என்று பாடலே சொல்கிறது. அந்த இடத்திலே நாடகக் கொட்டகை தாயைப் பார்த்து அழுகிறது. மகனைப் பார்த்து ஒருவரும் எழுவதில்லை. பெற்றவளுக்குப் பிள்ளை உடைமை. தான் போகும்போது தன் பொருளையும் எடுத்துச் செல்கிறாள் என்ற எண்ணம் நம் குருதியிலே ஊறிக் கிடக்கிறது. "நான் போனால் என் பிள்ளைகளை யார் பார்ப்பார்?" என்பது அவள் வாதம். அந்த வாதத்தில் அன்பு உண்டு. ஆயினும் அந்தச் சிறுவனின் உயிர் அவனுக்கே சொந்தம் என்ற உண்மை அதைவிடப் பெரிது. இந்த இரண்டையும் ஒருசேர நெஞ்சில் தாங்கத் தெரியாதவர்களே இரவில் தெய்வமென்றும் காலையில் பேயென்றும் கூவுகிறார்கள்.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். வியப்பான செய்தி ஒன்று உண்டு. நாட்டுப் பாணனின் இந்தக் கதைத் தலைவி, சட்ட நூலுக்குள்ளும் சென்று அமர்ந்துவிட்டாள். "கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல்" இருந்தால் கொலைக் குற்றத்தின் கடுமை குறையும் என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் விதி. ஆண்டுக்கணக்கில் துளித்துளியாகச் சேர்ந்த கொடுமையை அந்தத் "திடீர்" என்ற சொல் கணக்கில் எடுப்பதில்லை. 1989ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று, "நீடித்த ஆத்திரமூட்டல்" என்னும் கருத்தை வளர்த்து அக்குறையை நிரப்ப முயன்றது. தமிழ்நாட்டு வழக்குகளின் வழியே "நல்லதங்காள் நோய்க்குறி" என்ற சொல்லும் சட்ட உலகில் ஏறிற்று. கணவனின் இடைவிடாத கொடுமைக்கு ஆளான பெண்ணின் வழக்கில் 2013இல் குவாகாத்தி உயர் நீதிமன்றம் இந்தச் சென்னைத் தீர்ப்புகளை எடுத்தாண்டது. தெற்கே ஒரு கிணற்றங்கரையில் பிறந்த ஒப்பாரி, வடகிழக்கு மூலையில் உள்ள அசாம் வழக்கிலே சான்று கூறிற்று!

பாராட்டுவோம். நீதிபதிகள் மனித மனத்தைப் பார்க்க நாட்டுப் பாடலை நாடியது நன்றே. ஆனால் தொடக்கத்தில் சொன்ன குறைகள் இங்கும் தொடர்கின்றன. நீதிமன்றம் தாயின் மனத்தை அளக்கிறது. தண்டனையைக் குறைக்கலாமா என்று ஆய்கிறது. அது அதன் கடமை. கதவைச் சாத்தியவர் யார், சாத்தியதைக் கண்டும் காணாதார் யார் என்ற வினா நீதிமன்றத்தின் வாயிற்படிக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த தமிழ்நாட்டு வழக்கொன்றைப் பாருங்கள். மணமான பெண், வேறொருவனோடு தொடர்பு, அவனோடு பூசல், அவன் அச்சுறுத்தல். வாழ்வு வெறுத்துப் போனவள் பூச்சிமருந்து வாங்கினாள். இரு ஆண் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். தானும் குடிக்க ஊற்றியபோது உறவுப் பெண் ஒருத்தி தட்டிவிட்டாள். பிள்ளைகள் மாண்டனர், தாய் பிழைத்தாள், வாழ்நாள் தண்டனை பெற்றாள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிலே கழிந்தன. முன்விடுதலைக்கு மாநில அளவிலான குழு பரிந்துரைத்தது. செயலின் கொடுமையைக் காரணங்காட்டி 2019இல் அரசு மறுத்தது. உச்ச நீதிமன்றமோ, அவள் தன் தொடர்பை வளர்க்கப் பிள்ளைகளைக் கொன்றவள் அல்லள், தானும் சாகத் துணிந்தவள் என்பதை எடுத்துக்காட்டி, ஒழுக்கப் பாடம் நடத்துவது நீதிமன்றத்தின் வேலையன்று என்று கூறி விடுதலை செய்தது.

நல்ல தீர்ப்பு. ஆயினும் எண்ணிப் பாருங்கள்! அந்தப் பெண்ணை அச்சுறுத்தல் சூழ்ந்த நாளிலே, "என்னம்மா உன் துயர்?" என்று கேட்கும் கடமை பெற்ற கை ஒன்று அவள் கதவைத் தட்டியிருந்தால்? சிறைக் கதவைத் திறக்க 20 ஆண்டு ஆயிற்று. வீட்டுக் கதவைத் தட்ட 20 நிமிடம் போதாதா? அந்த இரு சிறுவர்களும் இன்று ஆளாகி நின்றிருப்பார்களே!

"எல்லாம் மனநோய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் கூட்டமும் உண்டு. அதுவும் தவறு. மனநோயாளருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர். தீங்கு செய்வதைவிடத் தீங்குக்கு ஆளாவதே அவர்களிடையே மிகுதி. பிள்ளையைக் கொன்ற பெற்றோரெல்லாம் ஒரே வகையினரும் அல்லர். அமெரிக்க மனநல மருத்துவர் பிலிப் ரெசுனிக் 1969ஆம் ஆண்டிலேயே இவர்களை ஐந்தாகப் பகுத்தார்: பிள்ளையைத் துன்பத்திலிருந்து காப்பதாக எண்ணிக் கொல்வோர், கடும் மனப்பிறழ்வில் கொல்வோர், வேண்டாத பிள்ளையைக் கொல்வோர், அடித்துத் துன்புறுத்துகையில் சாகடிப்போர், துணையைப் பழிவாங்கக் கொல்வோர். நல்லதங்காள் முதல் வகை. கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடீசு கி.மு. 431இல் அரங்கேற்றிய மெடியா இறுதி வகை. இருவரும் தாயர், இருவரும் கொன்றவர், ஆயினும் நோய் வேறு, மருந்து வேறு. வேற்றுமை அறியாது வெட்டு என்பதும் மடமை. விடு என்பதும் மடமை.

குழந்தை பெற்ற சில நாட்களிலோ வாரங்களிலோ சில தாய்மாருக்குக் கடும் மனப்பிறழ்வு தோன்றும். ஆயிரம் மகப்பேற்றில் ஒன்று அல்லது இரண்டு என்பது மருத்துவர் கணக்கு. உறக்கம் போகும்; இல்லாத குரல் கேட்கும்; பிள்ளையே வேறு ஏதோ என்று தோன்றும். விரைந்து மருத்துவம் செய்தால் பெரும்பாலோர் நலம் பெறுவர். மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வோ இதனினும் மிகப் பரவலானது. இந்தியத் தாய்மாரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் என்று 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறிற்று. நம் ஊரிலோ, "பிள்ளை பெற்ற உடம்பு, காற்றுக் கருப்பு பட்டுவிட்டது" என்று வேப்பிலை அடிக்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம். மருந்து வாங்கவேண்டிய பணம் மந்திரிப்பவன் மடியிலே விழுகிறது.

சட்டமாவது இதை அறிந்திருக்கிறதா? இங்கிலாந்து 1922இலேயே, பிறகு விரிவாக 1938இலும், மகப்பேற்றால் மனச்சமநிலை குலைந்து ஓராண்டுக்கு உட்பட்ட தன் குழந்தையைக் கொன்ற தாய்க்கு, கொலைக் குற்றத்தினும் குறைந்த தனிக் குற்றப் பிரிவை வகுத்தது. அந்த வெள்ளையரிடமிருந்து 1860இன் தண்டனைச் சட்டத்தைப் பெற்ற நாம், இந்த மாற்றத்தை மட்டும் பெறவில்லை. பழைய சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் 22ஆம் பிரிவாக எண் மாறியது. "சித்தசுவாதீனம் இல்லாமை" என்ற பழஞ்சொல் மாறவில்லை. செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறியும் ஆற்றல் இல்லாதிருந்தால் மட்டுமே அப்பிரிவு காக்கும். 1843இல் இலண்டனில் மெக்நாட்டன் என்பானின் வழக்கையொட்டிப் பிறந்த அளவுகோல் அது. நல்லதங்காள் செய்வதை அறிந்தே செய்தாள். ஆகவே அந்த அளவுகோலில் அவள் நலமுடையவள்! துயரம் மனத்தைத் திரிக்குமே ஒழிய அறிவை அழிப்பதில்லை என்பதை அறியாத அளவுகோல் அது.

இன்னொரு முரணையும் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. ஒரே கிணற்றிலிருந்து தூக்கப்பட்ட ஒரே பெண். தான் சாக முயன்றதற்காக அவள் நோயாளி. பிள்ளை செத்ததற்காக அவள் கொலையாளி. ஒரு கையிலே மருந்துச் சீட்டு. மறு கையிலே விலங்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பார்க்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கு உரியது?

தாயரை மட்டுமே பேசித் தந்தையரை விட்டுவிடுதல் முறையன்று. புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் 2020 மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 13 வயதுச் சிறுமி ஒருத்தி தைலமரக் காட்டிலே குற்றுயிராகக் கிடந்தாள், பின் மாண்டாள். எவனோ கயவன் செய்தான் என்றே ஊர் முதலில் ஐயுற்றது. பிறகு கைதானவர் பெற்ற தந்தையே! மந்திரவாதம் செய்பவள் எனப்பட்ட ஒருத்தியின் பேச்சை நம்பி, செல்வம் சேருமென்று மகளைப் பலியிட்டார் என்பது காவல் துறையின் குற்றச்சாட்டு. இங்கே பசியின் பித்து இல்லை. மானத்தின் வெப்பம் இல்லை. குற்றச்சாட்டின்படி பார்த்தால் இருப்பது பேராசையும் மூடநம்பிக்கையும். மூடநம்பிக்கையை மனநோய் என்றழைப்பது நோயாளியை இழிவு செய்வதாகும். நோய் தானே வருவது. மூடநம்பிக்கையோ கற்பிக்கப்படுவது, விற்கப்படுவது, வாங்கப்படுவது. மராட்டியம் 2013இலும் கருநாடகம் 2017இலும் இத்தகைய கொடுஞ்செயல்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் செய்தன. பகுத்தறிவு முழக்கம் பிறந்த மண் அவர்களுக்கு முன்னே நடந்திருக்க வேண்டாமா?

அந்த மே மாதம் எத்தகையது என்பதையும் நினைவிற் கொள்க. கொரோனா ஊரடங்கு. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. குடும்பத்துக்கு வெளியே ஒரு குழந்தையின் முகத்தை நாள்தோறும் பார்க்கும் ஒரே கண் ஆசிரியரின் கண். அந்தக் கண் மூடப்பட்டிருந்த காலம். வீடே பாதுகாப்பு என்று நாடெங்கும் பறையறைந்தோம். வீடே ஆபத்தாக உள்ள பிள்ளைக்கு எங்கே பாதுகாப்பு என்று எவரும் கேட்கவில்லை.

அமைப்புகள் இல்லையா? உண்டு. 2005இன் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் உண்டு. 2015இன் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனத்துயர் உற்றோர்க்கு 14416. எண்கள் எல்லாம் உண்டு. ஆனால் அழைக்கவேண்டிய விரல் யாருடையது? அடிபடும் மனைவியின் கைப்பேசி கணவன் பையிலே. மனம் பேதலித்தவளுக்குத் தான் நோயாளி என்பதே தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எண்ணைச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை. 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர் என்றது. 2015-16இன் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் மருத்துவம் பெறாதிருப்பதைக் காட்டிற்று. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. அதற்குப் பின்னரும், 2001 ஆகத்து 6ஆம் நாள், நம் அண்டை மாவட்டமாம் இராமநாதபுரத்து ஏர்வாடியிலே, சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனநோயாளர் 28 பேர் தீயிலே வெந்தனர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் பகைவர் அல்லர். வேறு வழி அறியாத உற்றார்.

"எல்லா வீட்டையும் அரசு எட்டிப் பார்க்க முடியுமா?" என்பர் சிலர். முடியும் என்பதற்கு நல்லதங்காளே சான்று! அவள் துயரிலே பாதி பசி. அந்தப் பசியைத் தமிழ்நாடு விதியென்று விடவில்லை. 1956இல் காமராசர் ஆட்சியிலே பள்ளியில் மதிய உணவு; 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே சத்துணவு, 2022இல் காலை உணவு. கட்சிகள் மாறின, தட்டிலே சோறு விழுவது நிற்கவில்லை. இன்று ஒரு நல்லதங்காளின் பிள்ளை பள்ளிக்குப் போனால் பசியோடு திரும்பாது. 2021 முதல் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. அந்தப் படியேறும் அதே கால்கள், "உறங்குகிறாயா அம்மா? அடிக்கிறாரா? சாகத் தோன்றுகிறதா?" என்ற மூன்று கேள்விகளையும் சுமந்து வரக்கூடாதா? பச்சைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும் செவிலியர், குழந்தையின் எடையைக் குறித்தபின் தாயின் முகத்தையும் குறிக்கக்கூடாதா?

புதுக்கோட்டைக்கு இது புதிய பாடமும் அன்று. இம்மண்ணிலே 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். மருத்துவரானார், சட்டமன்றம் புகுந்தார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், 1947இல் சட்டம் வந்தது. சட்டத்துக்குக் குரல் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பெண் குழந்தைகள் எங்கே தங்குவர் என்று கேட்டார். அவ்வை இல்லம் கண்டார். சட்டம் கதவைத் திறக்கும். திறந்த கதவுக்கு உள்ளே ஒரு வீடு வேண்டும் என்பதை அறிந்தவர் அவர். பின்னர் 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியராய் இருந்தவர் சீலா ராணி சுங்கத். தொண்டர் ஊர் ஊராய்ச் சென்றனர், கல்லுடைக்கும் பெண்கள் கையெழுத்துக் கற்றனர், மிதிவண்டி ஏறினர். எழுத்தைக் குடிசைக்குள் கொண்டுசெல்ல முடிந்த மண்ணுக்கு, ஆறுதலைக் கொண்டுசெல்ல முடியாதா?

இலக்கியத்திலும் நமக்கு வழிகாட்டி உண்டு. நல்லதங்காள் பாடல் கிணற்றோடு முடிகிறது. மணிமேகலையோ அமுதசுரபியோடு நடக்கிறாள். பசித்தவர் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. பசி இருக்கும் இடத்துக்குத் தானே செல்கிறாள். சிறைக்கோட்டத்துக்குள்ளும் செல்கிறாள், அதை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வரம் கேட்டுப் பெறுகிறாள். குற்றம் செய்தவன் பசித்தவனாகவும் இருக்கலாம் என்று கண்டது அந்தக் காப்பியம். தண்டிக்கும் கட்டடத்தைத் தாங்கும் கட்டடமாக மாற்றலாம் என்ற துணிவு தமிழனுக்குப் பதினைந்து நூற்றாண்டுக்குக் குறையாத பழமை உடையது. ஏட்டிலே வைத்துப் பெருமை பேசுகிறோம். நாட்டிலே செய்யத் தயங்குகிறோம்.

வேண்டுவன மிகப் பெரியவை அல்ல. மகப்பேற்றையொட்டிய மனநோய்க்கு இடமளிக்கும் தனிச் சட்டப் பிரிவு வேண்டும். பிள்ளைச் சாவு வழக்கில் கைதாகும் ஒவ்வொரு பெற்றோரையும் முதல் நாளிலேயே மனநல மருத்துவர் காணவேண்டும். ஆண்டுகள் கழித்து வழக்குரைஞர் வாதத்துக்காகக் காண்பது பயனற்றது. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும், தண்டிக்க அன்று, கற்றுக்கொள்ள, யார் யார் முன்பே அறிந்திருந்தனர் என்று மாவட்டம் கூடி ஆராயவேண்டும். பிழைத்த உடன்பிறப்புக் குழந்தைகளை யார் வளர்க்கிறார் என்று கேட்கவேண்டும். செய்தித்தாள் அவர்களை மறந்தபின்னும் கேட்கவேண்டும்.

நாடகக்காரத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நல்லதங்காளை ஆடுங்கள், நன்றாக ஆடுங்கள். ஆனால் அந்த மூத்த மகன் கெஞ்சும் இடத்தை விரைந்து கடந்துவிடாதீர்கள். அவன் பேசட்டும். "எனக்கு வாழவேண்டும்" என்று அவன் சொல்வதை ஊர் முழுதும் கேட்கட்டும். தாய்க்கு வடித்த கண்ணீரில் பாதி அவனுக்கும் ஒழுகட்டும். அப்போதுதான் பார்ப்போருக்கு ஓர் உண்மை உறைக்கும்: கிணற்றங்கரைக்கு அவள் வந்தது ஒரே நாளில் அன்று, வழியெல்லாம் வீடுகள் இருந்தன, வீடுகளில் எல்லாம் நாம் இருந்தோம்.

அந்த மூதாட்டி சொன்னாளே, "என்ன பாடுபட்டாளோ" என்று; அது மாண்டவளைப் பற்றிய சொல். இருப்பவளிடம் சென்று, "என்ன பாடுபடுகிறாய்?" என்று கேட்போம். அக்கேள்வியைக் கேட்கும் கடமை அரசுக்கும் உண்டு. அடுத்த வீட்டாருக்கும் உண்டு. கேட்கத் தொடங்கும் நாளிலே கிணறு தண்ணீருக்கு மட்டும் பயன்படும்.